மூலை முடித்துக் கொடுக்கும் ஸ்பீக்கர்: கிளிப்ஷார்ன் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய கிளிப்ஷார்ன் ஒன்றைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பிப் பார்த்தால், ஏதோ பலகை கழன்று விழுந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். பின்பக்கம் மூடியே இருக்காது. சாய்வாக வைத்து ஒட்டிய பிளைவுட் துண்டுகளும் அவற்றுக்கு இடையே இருட்டான சந்துகளும் தெரியும். முன்பக்கம் வால்நட் மெருகு, துணி, பளபளப்பு. பின்பக்கம் தச்சர் பாதியில் எழுந்து போன மாதிரி. ஒரு வகையில் அது பாதி ஸ்பீக்கர்தான். மீதியை வாங்குபவர் தன் வீட்டிலிருந்து கொடுக்க வேண்டும்: இரண்டு சுவர், ஒரு தரை, மூன்றும் சேரும் மூலை.

அறை மூலைக்கென்றே செய்த ஸ்பீக்கர்கள் 1930-களிலிருந்து பல வந்தன. அவற்றில் கிளிப்ஷார்னை ஆய்வுக்கு எடுப்பதற்குக் காரணம், 1946-இல் விற்பனைக்கு வந்த இது இன்றும் அதே ஊரில் தயாராகிறது என்பதுதான். நிறுவனத்துக்குக் கிடைத்த பெயர், பிறகு வந்த மற்ற மாடல்கள், வாங்கியவர்கள் பட்ட பாடு என எல்லாவற்றுக்கும் மூலம் அறையையும் ஸ்பீக்கரின் பாகமாகச் சேர்த்துக்கொண்ட அந்த ஒரு முடிவுதான் என்பது என் கருத்து. அந்த முடிவு எங்கெல்லாம் பலித்தது, எங்கெல்லாம் உதைத்தது என்று பார்ப்போம்.

ஆளும் ஊரும்

பால் வில்பர் கிளிப்ஷ் 1904-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். நியூ மெக்சிகோவில் மின் பொறியியல் படித்தார். ஜெனரல் எலக்ட்ரிக்கில் கொஞ்ச காலம் இருந்தார். அப்புறம் சிலி நாட்டின் டோகோபில்லாவில் நைட்ரேட் ரயில்பாதையின் மின்சார எஞ்சின்களைப் பராமரித்தார். 1934-இல் ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் பட்டம். அதன்பின் டெக்சாஸில் எண்ணெய் தேடும் புவி இயற்பியல் வேலை. பூமிக்குள் அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளந்து பிழைத்த மனிதர், வரவேற்பறைச் சுவரை வெறும் சுவராகப் பார்க்காததில் எனக்கு ஆச்சரியமில்லை.

மூலை ஹார்னுக்கான காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தது 1940 பிப்ரவரியில். கிடைத்தது 1943 பிப்ரவரியில். நடுவே, 1941-இல், அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் இதே வடிவம் பற்றிக் கட்டுரையும் எழுதிவிட்டார். இரண்டாம் உலகப் போர் அவரை ராணுவ அதிகாரியாக ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூருக்குக் கொண்டுவந்தது. அங்கே குண்டுகளைச் சோதிக்கும் ராணுவத் தளம் ஒன்று இருந்தது. அதிகாரிகள் தங்கும் அறையில் தன் மூலை ஹார்னை வைத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார். கேட்டவர்கள் இதை விற்கலாமே என்றார்கள். போர் முடிந்ததும் 1946-இல் ஒரு தகரக் கொட்டகையில் கம்பெனி தொடங்கினார். முதல் வேலையாள் 1948-இல்தான் வந்தார். பிறகு அந்த ராணுவத் தளத்தின் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குத் தொழில் இடம் மாறியது. (ஹோப் தர்பூசணிக்குப் பேர்போன ஊர். பில் கிளிண்டன் அங்கே பிறந்ததும் அதே 1946-இல்தான்.)

ஏன் மூலை?

ஹார்ன் என்றால் நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆடி மாதம் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் ஹார்ன்தான். சின்ன ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி), ஊர் எல்லை வரை பாட்டு. நேரடியாகக் காற்றைத் தள்ளும் பேப்பர் கூம்பு தனக்கு வரும் மின்சக்தியில் ஒரு சதவீதத்தைக்கூட ஒலியாக மாற்றினால் பெரிது. மீதி எல்லாம் காயிலில் சூடாகிப் போகும். காற்று லேசானது, கூம்பு அதைவிடக் கனமானது, இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. குறுகலான தொண்டையில் தொடங்கி மெல்ல விரியும் குழாயை முன்னால் வைத்தால், அந்தப் பொருத்தத்தை அது படிப்படியாக உண்டாக்கித் தருகிறது. கூம்பு அதிகம் அசையாமலேயே நிறைய ஒலி வெளியே வரும்.

குழாய் ஸ்பீக்கரில் ஏன் பாஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) வராது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஹார்னின் வாய் போதுமான அளவு பெரிதாக இல்லாவிட்டால், தாழ்ந்த ஒலி வாயருகே வந்து திரும்பி உள்ளேயே போய்விடும். தோராயமான விதி இது: திறந்த வெளியில் நிற்கும் ஹார்னின் வாய்ச் சுற்றளவு, அது எழுப்ப வேண்டிய மிகத் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் அளவுக்காவது இருக்க வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறக்குறைய 8.6 மீட்டர். சுற்றளவு அவ்வளவு என்றால் வாயின் விட்டம் 2.7 மீட்டர், பரப்பு கிட்டத்தட்ட 5.9 சதுர மீட்டர். சினிமா தியேட்டரில் திரைக்குப் பின்னால் வைக்கலாம். வீட்டில் வைத்தால் குடும்பம் வெளியே படுக்க வேண்டியதுதான்.

இங்கேதான் மூலை வருகிறது. ஹார்னைத் தரையில் வைத்தால், தரை ஒரு கண்ணாடியாக நின்று அதன் பிம்பத்தைக் காட்டும். ஒலிக்கு ஒரு ஹார்ன் இரண்டாகத் தெரியும். ஒரு சுவரோடு சேர்த்தால் நான்கு. இரண்டு சுவரும் தரையும் கூடும் மூலையில் எட்டு. ஆகவே உண்மையில் கட்ட வேண்டிய வாய் எட்டில் ஒரு பங்கு போதும். 5.9 சதுர மீட்டர் 0.73 ஆகிவிடுகிறது. சாதாரண வீட்டுக் கதவின் பாதிப் பரப்புகூட இல்லை. ஒரு கணக்கில் தியேட்டர் ஹார்ன் வரவேற்பறைக்குள் வந்துவிட்டது.

மூலையை இப்படிக் கண்ணாடியாகப் பயன்படுத்தலாம் என்று முதலில் கண்டவர் கிளிப்ஷ் அல்ல. இங்கிலாந்தில் பால் வாய்ட் 1930-களிலேயே வீட்டு மூலை ஹார்ன் செய்து விற்றார். கிளிப்ஷ் கூடுதலாகச் செய்தது, சுவருக்கு இரண்டாவது வேலையும் கொடுத்தது. அவருடைய பெட்டியில் 15 அங்குல வூஃபர் (பாஸை எழுப்பும் பெரிய கூம்பு) ஒரு நீளமான பிளவு வழியாக ஒலியைத் தள்ளும். அது மேலும் கீழுமாகப் பிரியும். மடங்கிப் பின்னால் மூலையை நோக்கிப் போகும். அங்கே இடமும் வலமுமாகப் பிரிந்து, பெட்டியின் பக்கவாட்டுப் பலகைக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே உள்ள சந்து வழியாக அறைக்குள் வரும். அந்தக் கடைசிச் சந்தின் ஒரு பக்கம் கிளிப்ஷ் செய்த பலகை, மறுபக்கம் கொத்தனார் பூசிய சுவர். பின்பலகை இல்லாததன் காரணம் இதுதான்.

ஆக, மூலை இங்கே இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, கண்ணாடியாக நின்று வாயை எட்டு மடங்காக்குவது. இன்னொன்று, ஹார்னின் கடைசிப் பகுதிக்குச் சுவராகவே இருப்பது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கிளிப்ஷார்ன் பற்றிய பேச்சு பல நேரம் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

கிடைத்தது என்ன

சுமார் 132 சென்டிமீட்டர் உயரம், 79 அகலம், 72 ஆழம். எடை 75 கிலோவுக்கு மேல். பெரிய பெட்டிதான், ஆனால் மூலையில் நிற்பதால் அறையின் நடுத் தரையைத் தின்பதில்லை. இந்த அளவில் 35 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்குகிறது. முதலில் இருவழி ஸ்பீக்கராக இருந்து, பிறகு மூவழியாக மாறியது: சுமார் 400 ஹெர்ட்ஸ் வரை மூலை ஹார்ன், அதற்கு மேல் பெட்டியின் தலையில் உட்காரும் நடு ஹார்ன், உச்சத்தில் சின்ன ட்வீட்டர் ஹார்ன். மூலையின் மாயம் எல்லாம் அந்த 400-க்குக் கீழேதான். அதற்கு மேல் அலைநீளம் சிறிது. மடிப்புச் சந்துகளில் வளைந்து வர அதற்கு முடியாது, மூலையும் தேவையில்லை.

நிறுவனம் சொல்லும் உணர்திறன், அதாவது கொடுக்கும் சக்திக்கு எழும் ஒலியளவு: ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 105 டெசிபல். இது மூலையின் உதவியோடு வரும் எண் என்பதை மறக்க வேண்டாம். இருந்தாலும் 85 டெசிபல் தரும் அலமாரி ஸ்பீக்கரோடு ஒப்பிட்டால் 20 டெசிபல் வித்தியாசம், அதாவது சக்தியில் நூறு மடங்கு. அதற்கு 100 வாட் கொடுக்கும் இடத்தில் இதற்கு ஒரு வாட். 1947-இல் வெளியாகி உலகம் முழுக்க ஆம்ப் கட்டுகிறவர்களைக் கிறங்கடித்த வில்லியம்சன் வால்வு ஆம்பே 15 வாட்தான். அந்தக் காலத்தில் 15 வாட்டில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவின் முழு ஓங்காரத்தை வீட்டுக்குள் எழுப்ப வேறு வழி அதிகம் இல்லை.

கிளிப்ஷுக்குச் சத்தம் முக்கியமே அல்ல. சத்தத்துக்குக் கூம்பு எவ்வளவு குறைவாக அசைகிறது என்பதே முக்கியம். ஒரே கூம்பு பாஸுக்காக முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே மேல் ஒலியையும் எழுப்பினால், அந்த ஓட்டம் மேல் ஒலியின் சுருதியைக் கலங்கடிக்கும். ரயில் கடக்கும்போது ஹார்ன் சத்தம் மாறுவதும் இதே விளைவுதான். செயல்திறன் கூடினால் சிதைவு குறையும் என்பதை அவர் ஆயுள் முழுக்க ஆய்விதழ்களில் எழுதிக்கொண்டே இருந்தார். யாராவது விஞ்ஞானம் என்ற பெயரில் கதை விட்டால், கோட்டு மடிப்பைத் திருப்புவார். உள்ளே குத்தியிருக்கும் மஞ்சள் பட்டனில் 'புல்ஷிட்' என்று எழுதியிருக்கும்.

இன்னொரு லாபம் பின்னால்தான் தெளிவாகப் புரிந்தது. சாதாரண ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் நேர் ஒலியோடு மோதி அதை அடக்கும். வூஃபர் தரையிலிருந்தும் இரண்டு சுவரிலிருந்தும் ஒரே தூரத்தில், உதாரணமாக 60 சென்டிமீட்டரில், இருந்தால் 170 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய பள்ளம் விழும். செல்லோவும் ஆண் குரலும் நிற்கும் இடம் அது. ராய் ஆலிசன் 1974-இல் இதை அளந்து எழுதினார். அந்த அறிவை வைத்தே தன் ஸ்பீக்கர்களையும் வடிவமைத்தார், அதில் ஒன்று மூலைக்கென்றே செய்தது. கிளிப்ஷார்னின் பாஸ் சுவரை ஒட்டியே பிறப்பதால் இந்தப் பள்ளம் அதற்குக் கிட்டத்தட்ட இல்லை. நல்ல மூலையில் வைத்த கிளிப்ஷார்னின் பாஸ் 'இறுக்கமாக' இருக்கிறது என்று சொல்வார்களே, அதில் பாதிப் பெருமை இதற்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

உதைத்த இடங்கள்

முதலில் சுவர். பெட்டியின் இருபுறமும் ஏறக்குறைய நான்கு அடிக்கு வெறும் சுவர் வேண்டும். கதவு கூடாது, ஜன்னல் கூடாது, ஹீட்டர் கூடாது. அமெரிக்க வீட்டில் சுவரடியில் ஓடும் மரப் பட்டிகூடப் பகை. பெட்டி மூலையில் சரியாக உட்காராமல் விரல் அளவு இடைவெளி விழுந்தால், அழுத்தம் அங்கே கசிந்து பாஸ் மெலியும். வீட்டு மூலைகள் கச்சிதமாக 90 டிகிரி இருப்பதும் அபூர்வம். அதனால் நுரைப் பட்டை ஒட்டி அடைப்பது இந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களின் நிரந்தர வேலை.

சுவரின் தன்மையும் கணக்கில் வரும். மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர் பாஸுக்குத் தானும் சேர்ந்து ஆடும்; ஆடுகிற அளவுக்கு விழுங்கும். செங்கல் சுவர் ஆடாது. அந்த வகையில் நம் ஊர் வீடு இந்த ஸ்பீக்கருக்கு அமெரிக்க வீட்டைவிடத் தோதானது, மூலையை ஒட்டியே ஜன்னலோ பீரோவோ இல்லாத அறை கிடைத்தால். இங்கிலாந்தில் வார்ஃபடேல் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ் இந்தத் தர்க்கத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோனவர்: மூலை ஸ்பீக்கர் பெட்டியையே செங்கல் வைத்துக் கட்டிக் காட்டினார். வீடு மாறும்போது என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

அடுத்தது அறை. எந்த அறையிலும் சில தாழ்ந்த அதிர்வெண்கள் தேங்கி நிற்கும். நீளம் 5 மீட்டர் என்றால் 34 ஹெர்ட்ஸ், அகலம் 4 என்றால் 43, உயரம் 3 என்றால் 57. அதற்கு மேல் இவற்றின் மடங்குகளும் கலவைகளும். மூலைதான் இந்த எல்லா அதிர்வுகளுக்கும் அழுத்தம் உச்சமாக இருக்கும் இடம். அங்கிருந்து ஒலி எழுப்பினால் ஒன்று விடாமல் எல்லாம் விழித்துக்கொள்ளும். எல்லாமும் எழுவதால் இடைவெளி நிரம்பி பாஸ் சமமாகும் என்பது கிளிப்ஷ் தரப்பு வாதம். பெரிய, நீள அகலம் வேறுபட்ட அறையில் அது உண்மை. சதுர அறையில் இரண்டு அதிர்வுகள் ஒரே இடத்தில் விழுந்து, ஒரு சுரம் மட்டும் அறையை ஆட்டும். அதை ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்யலாம் என்பது பொதுவான வைத்தியம். மூலை ஸ்பீக்கரை எங்கே நகர்த்துவது? நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும்.

பாஸ் கொஞ்சம் தாமதமாக வருகிறது என்ற குறையும் உண்டு. மடிப்புகளுக்குள் சுற்றி வரும் பாஸ், தலையில் உள்ள ஹார்ன்களின் ஒலியைவிட நீண்ட வழி நடக்க வேண்டும். இதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். வீட்டில் உட்கார்ந்து இசை கேட்பவருக்கு மேலே சொன்ன சுவர்ப் பிரச்சினைகளின் பக்கத்தில் இது சின்னதுதான்.

ஸ்டீரியோ வந்தபோது

1946-இல் யாருக்கும் இரண்டு மூலை தேவைப்படவில்லை. மோனோ இசைத்தட்டு, ஒரு ஸ்பீக்கர், ஒரு மூலை. நல்ல மூலை ஒன்று எந்த வீட்டிலும் தேறிவிடும். 1957-58-இல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததும் கணக்கு மாறிவிட்டது. இப்போது ஒரே சுவரின் இரு முனையிலும் இரண்டு மூலை வேண்டும்; இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும்; இரண்டும் காலியாக இருக்க வேண்டும். அமெரிக்க வரவேற்பறையில் ஒரு மூலைக்கு அருகே வாசல் இருக்கும், இல்லாவிட்டால் கணப்படுப்பு இருக்கும்.

இரண்டு மூலை கிடைத்தாலும் அவற்றின் இடைவெளி உங்கள் விருப்பம் அல்ல, வீடு கட்டியவரின் விருப்பம். திசையும் அப்படித்தான். மூலையில் நிற்கும் பெட்டி 45 டிகிரியில்தான் பார்க்கும். சுவர் 5 மீட்டர் என்றால் இரண்டின் பார்வையும் முன்சுவரிலிருந்து இரண்டரை மீட்டரில் சந்திக்கும். கேட்பவர் பெரும்பாலும் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கிளிப்ஷுக்கு இது பிடித்தமான அமைப்பு. இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தவர் தள்ளியிருக்கும் வலது ஸ்பீக்கரின் நேர்ப் பார்வைக்குள் வருகிறார். அருகிலிருக்கும் இடது ஸ்பீக்கரின் பார்வையை விட்டு விலகுகிறார். தூரத்தால் குறைந்தது திசையால் ஈடாகிறது. சோபாவில் நான்கு பேர் உட்கார்ந்து கேட்கலாம். ஒற்றை நாற்காலிச் சிறை இல்லை.

ஆனால் நடுவில் ஓட்டை விழுந்தது. ஆறு மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே பாடகி எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. கிளிப்ஷ் இதற்குப் பழைய சான்று ஒன்றை எடுத்தார். 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகம் பிலடெல்பியாவில் வாசித்த ஆர்க்கெஸ்ட்ராவை வாஷிங்டன் அரங்கில் மூன்று தனித்தனி வழிகளில் ஒலிக்கச் செய்தது. கட்டுப்பாட்டுப் பலகையில் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியே உட்கார்ந்திருந்தார். இரண்டல்ல, மூன்று. ஆகவே இடது வலது ஒலிகளைக் கூட்டி நடுவே மூன்றாவது ஸ்பீக்கருக்குக் கொடுங்கள் என்றார் கிளிப்ஷ்.

நடுச்சுவரில் மூலை ஏது? மூலை வேண்டாத ஒரு ஸ்பீக்கரை மூலையின் மூல குருவே செய்ய வேண்டியதாயிற்று. 1957-இல் வந்த அந்தச் சின்னப் பெட்டிக்கு ஹெரெசி என்று பெயர். மதவிரோதம் என்று பொருள். கிளிப்ஷே மூலையைக் கைவிடுவது மதவிரோதம் இல்லையா என்று யாரோ கேட்டதில் பிறந்த பெயர். 1959-இல் வந்த கார்ன்வால், மூலையிலும் வைக்கலாம், நடுச்சுவரிலும் வைக்கலாம் என்ற சமரசம். ஆங்கிலத்தில் மூலைக்கும் சுவருக்கும் உள்ள சொற்களை ஒட்டித் தைத்த பெயர் அது.

எனக்கு அதிகம் சொல்வது 1963-இல் வந்த லா ஸ்காலாதான். ஆர்கன்சா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட வின்த்ராப் ராக்ஃபெல்லரின் பிரசாரத்துக்கு ஒலிபெருக்கியாகத் தொடங்கியது. பொதுக்கூட்ட மேடையில் மூலை கிடைக்காது. ஆகவே பாஸ் ஹார்னை முழுக்கப் பெட்டிக்குள்ளேயே மடித்து முடித்தார். இதுவும் முழு ஹார்ன்தான், நிறுவனம் சொல்லும் உணர்திறன் இதற்கும் 105 டெசிபலைச் சுற்றித்தான். ஆனால் பாஸ் 50 ஹெர்ட்ஸ் பக்கம் நின்றுவிடுகிறது. அதே மனிதர், அதே தத்துவம், அதே 15 அங்குல வூஃபர். மூலையை எடுத்ததும் கீழே பாதி ஆக்டேவ் (ஒரு ஸ்தாயியில் பாதி) போய்விட்டது. மூலையின் விலை என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒப்பீட்டைத்தான் காட்டுவேன்.

போட்டி

1950-களின் முதல் பாதி மூலை ஸ்பீக்கரின் பொற்காலம். இங்கிலாந்தில் டனாய் ஆட்டோகிராஃப், அமெரிக்காவில் ஜேபிஎல்லின் ஹார்ட்ஸ்ஃபீல்ட், கிளிப்ஷிடம் உரிமம் வாங்கிச் செய்த எலக்ட்ரோ-வாய்ஸ் பாட்ரீஷியன், இங்கிலாந்தின் விட்டாவாக்ஸ் சிஎன்-191. எல்லாம் கப்பல் மாதிரி சாமான்கள்.

அதே நேரத்தில், 1954-இல், மாசசூசெட்ஸில் எட்கர் வில்சர் ஏஆர்-1 என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வூஃபருக்குச் சுருள்வில்லாக்கிய வடிவம். அலமாரியில் வைக்கும் பெட்டியிலிருந்து நிஜமான பாஸ். செயல்திறன் மிகக் குறைவு, ஆனால் ஆம்ப் சக்தி ஆண்டுக்கு ஆண்டு மலிந்துகொண்டே வந்தது. டிரான்சிஸ்டர் வந்தபின் வாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்டீரியோ இரண்டு பெட்டி கேட்ட காலத்தில் இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பது பெரிய விஷயம். கிளிப்ஷ் மிச்சப்படுத்திக் கொடுத்த வாட், வாங்குபவருக்குப் பொருட்டாகவே இல்லாமல் போயிற்று. மூலை ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விலைப்பட்டியலிலிருந்து மறைந்தன.

கிளிப்ஷார்ன் மறையவில்லை. காரணம் தொழில்நுட்பம் அல்ல, ஹெரெசியும் கார்ன்வாலும் லா ஸ்காலாவும் கம்பெனியை நடத்தின, மூத்த பிள்ளை பெயரைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. 1989-இல் உறவினர் ஃப்ரெட் கிளிப்ஷ் கைக்கு நிறுவனம் மாறியது. பிறகு வேறு பெரிய நிறுவனத்தின் கீழ் போனது. கிளிப்ஷ் 2002 மே மாதம், 98 வயதில், ஹோப்பிலேயே காலமானார்.

பின்பலகை வந்தது

மூலை இல்லாதவர்கள் சும்மா இருக்கவில்லை. கனமான பிளைவுட்டில் இரண்டு இறக்கை செய்து, பெட்டியின் பின்னால் கட்டி, 'பொய் மூலை' அமைத்தார்கள். இது வேலை செய்தது, பாதி. ஏன் பாதி என்பதற்கு முன்பு சொன்ன இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொய் மூலை ஹார்னின் கடைசிச் சுவராக நன்றாகவே நிற்கும். கசிவு அடைபடும், நடு பாஸ் திரும்பி வரும். ஆனால் கண்ணாடி வேலைக்கு அலைநீளத்தோடு ஒப்பிடும்படியான அகலம் வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டர் இறக்கை எந்த மூலைக்கு?

நிறுவனமே 2010-களின் இறுதியில் ஏகே6 என்ற பதிப்பில் பின்பக்கத்தை மூடியது. எழுபது ஆண்டு திறந்திருந்த முதுகு. பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. சுவர்ப் பட்டி, கோணல் மூலை, நுரைப் பட்டை எல்லாம் ஒரே அடியில் தீர்ந்தன. பெட்டியைக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளவும் வழி பிறந்தது. ஆனால் மூடியது இரண்டாவது வேலையை மட்டும்தான். எட்டு மடங்குக் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்க யாராலும் முடியாது. எனவே புதிய கிளிப்ஷார்னை நடு அறையில் நிறுத்திவிட்டு, பேர்பெற்ற அந்த அடிபாஸ் எங்கே என்று தேடினால் கிடைக்காது.

பழைய ஜோடி வாங்குபவருக்கு

ஒரு பக்கம் பாஸ் மெலிந்து கேட்டால் கிராஸ்ஓவரை (ஒலியை அந்தந்த ஹார்னுக்குப் பங்கிட்டு அனுப்பும் மின்சுற்று) பிரிக்கும் முன் சுவரைப் பாருங்கள். டார்ச் அடித்து, பெட்டி சுவரைத் தொடும் கோடு முழுக்க இடைவெளி இருக்கிறதா என்று தேடுங்கள். சுவர்ப் பட்டி இடித்தால் பட்டியை வெட்டுங்கள், பெட்டியை வெட்டாதீர்கள். வெட்டிய பெட்டிக்கு மறுவிலை இல்லை.

அடிப்பலகை ஈரம் குடித்திருக்கிறதா, பிளைவுட் அடுக்குப் பிரிந்திருக்கிறதா, வூஃபருக்குப் பின்னால் உள்ள அறை காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அறையின் மூடி கேஸ்கெட் காய்ந்து நொறுங்கியிருந்தால் பாஸ் தளர்ந்துவிடும். பழைய கிராஸ்ஓவரில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் கப்பாசிட்டர்தான். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

ஆம்ப் விஷயத்தில் வாட்டைப் பார்க்காதீர்கள், அமைதியைப் பாருங்கள். 105 டெசிபல் என்றால் ஆம்பின் இரைச்சலும் ஹம்மும்கூட நூறு மடங்காக எழும். சாதாரண ஸ்பீக்கரில் காதில் விழாத 'ஸ்ஸ்' இதில் பாட்டுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். எட்டு வாட் தரும் சுத்தமான ஒற்றை வால்வு ஆம்ப் போதும். பலரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டேப்பை எடுத்து உங்கள் அறையை அளந்துவிடுங்கள். ஒரே சுவரின் இரு முனையிலும் நான்கு அடி வெறும் சுவர், இடைவெளி நான்கிலிருந்து ஆறு மீட்டர், அறை சதுரம் இல்லை. இவை தேறினால் முன்பணம் கொடுக்கலாம். தேறவில்லையென்றால் அதே காசுக்கு லா ஸ்காலா ஒரு ஜோடியும், அந்தப் போன பாதி ஆக்டேவுக்கு நல்ல சப்வூஃபர் ஒன்றும் தேடுங்கள்.